மாடித் தொட்டியும் டொரண்டோ ஷவரும்

டொரண்டோவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். அழுத்தம் கொடுப்பது ஊரின் வேலை, நமக்கு அதில் பங்கில்லை. மதுரையில் அம்மா வீட்டில் அது மொத்தமும் நம் தலையில். மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் கீழ்த் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும். பற்றாததற்கு போர் தண்ணீர்.

இந்த முறை போனபோது மாடிக் குளியலறை ஷவரில் தண்ணீர் நூல் நூலாக இறங்கியது. முனையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்பு. “அங்கிருந்தே ஒரு நல்ல ஷவர் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல மாமா” என்றான் அக்கா மகன். கொண்டுவந்தாலும் பயனில்லை. அந்த ஊர் ஷவர்கள் 40, 60 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்துக்குச் செய்தவை. தண்ணீரை மிச்சம் பிடிக்க உள்ளே ஒரு தடுப்பும் இருக்கும். இங்கே தொட்டியின் உயரம்தான் அழுத்தம்: 10 மீட்டருக்குச் சுமார் 14 பிஎஸ்ஐ. எங்கள் ஷவருக்கும் தொட்டிக்கும் இரண்டு ஆள் உயரம்கூட இல்லை, 4 கிடைத்தாலே பெரிது. மரையும் வேறு. மரைப் பல்லின் கோணம் அங்கே 60 டிகிரி, இங்கே 55. அரை இஞ்சில் ஏறுகிற மாதிரி ஏறி, அப்புறம் கசியும்.

தெருமுனை ஹார்டுவேர் கடையில் சொன்னால் பிளம்பர் வந்துவிடுவார். ‘காலையில’ என்றவர் வந்தது மதியம் மூன்று மணிக்கு. டொரண்டோவில் சொன்ன நேரத்துக்கு வருவார்கள், ஆனால் வாசலில் கால் வைக்கவே 100 டாலராவது ஆகும்.

இவர் ஷவரைத் தொடவே இல்லை. கீழ்க் குழாயைத் திறந்து, தண்ணீர் விட்டு விட்டு வருவதைப் பார்த்தார். “காத்து அடைச்சிருக்குண்ணே. தொட்டிய வத்த விட்டிருக்கீங்க.” மாடியில் பார்த்தால், இறங்கு குழாயில் காற்றுப் போக வழியே வைக்கவில்லை. வீட்டைக் கட்டியவர் அதில் மிச்சம் பிடித்திருக்கிறார். தொட்டித் தண்ணீரை அடைக்கும் கேட் வால்வோ திருகத் திருகச் சுற்றியதே தவிர மூடவில்லை. மொத்த வீட்டுக்கும் அது ஒன்றுதான். தொட்டியைக் காலி செய்து, வால்வை மாற்றி, குழாயில் கிளை பிரிக்க ஒரு ‘டி’ இணைப்பு போட்டு, முக்கால் இஞ்ச் குழாயைத் தொட்டி விளிம்புக்கு மேலே நிற்கும்படி ஏற்றிவிட்டார். ஷவர் முனையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டது கடைசி வேலை. சாமான் தனி, கூலி 700 ரூபாய். நேரம் தவறினாலும் கோளாறை மோப்பம் பிடிப்பதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

“பிரஷர் பம்ப் போட்டா அங்க மாதிரியே அடிக்கும்ணே” என்றார் போகும்போது. அம்மா சம்மதிக்கவில்லை. “கரண்டு போனா அது கெடக்கும் சும்மா. இது பாட்டுக்கு விழட்டும்.” சித்திரை வெயிலில் கீசர் இல்லாமலே வெந்நீர் தரும் தொட்டி அது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பம்ப் வாங்கவில்லை. புது வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறக்கும்படி அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். சும்மா விட்டால் உப்புப் பிடித்து அதுவும் இறுகிவிடும்.