இஷ்டுவுக்கு எந்த ஆப்பம்? உளுந்து மாவா, ஈஸ்ட்டா, தேங்காய்த் தண்ணியா?

ஆப்பம் சரியாக வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, தொட்டுக்கொள்ள என்ன வைத்தீர்கள் என்றுதான். சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றும். ஆனால் சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலுக்குப் பிரமாதமாக இருக்கிற அதே ஆப்பம், இஷ்டுவை, அதாவது கேரளத்துத் தேங்காய்ப்பால் ஸ்ட்யூவை, ஊற்றியதும் புளித்த தோசை மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். மாவில் ஒரு கோளாறும் இருக்காது, ஜோடிதான் தப்பு.

இந்தச் சண்டை எங்கள் வீட்டிலேயே உண்டு. அம்மா வழியில் எல்லாரும் திருநெல்வேலி. அவர்களுக்கு ஆப்பம் என்றால் உளுந்தும் வெந்தயமும் போட்டு அரைத்த மாவு. நான் வளர்ந்தது நாகர்கோவிலில். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், அதனால் அடுத்த வீட்டு அடுப்பில் தேங்காய் அரைத்த ஆப்பமாவும் ஏலக்காய் மணக்கிற இஷ்டுவும் சகஜம். இரண்டையும் தின்று வளர்ந்தவள், இப்போது சென்னையில் ஒரு சின்ன அடுக்களையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உளுந்து மாவு. பச்சரிசி ஒரு கப், இட்லி அரிசி ஒரு கப், உளுந்து கால் கப், வெந்தயம் ஒரு டீஸ்பூன். எல்லாவற்றையும் ஒன்றாக நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைத்துவிட்டால் காலையில் பொங்கியிருக்கும். இதன் பலமே, கைவிடாது என்பதுதான். உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நடுவில் பஞ்சு நிச்சயம். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், கடைசி நாள் மிச்சத்தில் வெங்காயத்தைத் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரமாக்கிவிடலாம். குறை என்னவென்றால் ஓரம் சல்லாத்துணி மாதிரி விழாது, தோசை முறுகல்தான் வரும். அதைவிடப் பெரிய குறை புளிப்பு. இஷ்டுவில் தேங்காய்ப்பாலின் இனிப்பும் பச்சைமிளகாயின் காரமும் இருக்கிறதே தவிரப் புளிப்பு என்று ஒன்றும் கிடையாது, ஆகவே மாவின் புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதை அமுக்கலாம் என்று ஆப்பசோடாவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டீர்களோ, போச்சு, சோப்பு வாசம் அடிக்கும், ஆப்பமும் மஞ்சள் பூத்துவிடும்.

அடுத்தது ஈஸ்ட். இங்கே உளுந்தே கிடையாது. பச்சரிசி இரண்டு கப், ஊறியதும் ஒரு கப் தேங்காய்த் துருவலோடு அரைக்க வேண்டும். உளுந்து இல்லாத மாவுக்குப் பிடிப்பு எங்கிருந்து வரும்? சிலர் அரைக் கப் சோற்றைச் சேர்த்து அரைப்பார்கள், அது சுலபம். சரியான வழி கப்பி காய்ச்சுவது. அரைத்த மாவில் இரண்டு கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சின்னத் தீயில் கிண்டினால், முதல் இரண்டு நிமிஷம் ஒன்றும் நடக்காது, அப்புறம் சட்டென்று அடியிலிருந்து திரண்டு பசையாகிப் பளபளவென்று கண்ணாடி மாதிரி வரும். அதை ஆறவிட்டு மாவில் கலக்க வேண்டும். ஆறவிட்டு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை அவசரத்தில் சூடாகவே கொட்டி, கையோடு ஈஸ்ட்டையும் போட்டு, காலையில் பார்த்தால் மாவு வைத்த மட்டத்திலேயே அசையாமல் கிடந்தது. சூட்டில் ஈஸ்ட் செத்துவிட்டது. விரலை விட்டால் சுடக் கூடாது, அதுதான் கணக்கு.

இரண்டு கப் அரிசிக்குக் கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போதும். சென்னை மே மாதத்தில் நாலு மணி நேரத்தில் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழியும், எனவே சாயங்காலமே கரைத்து ராத்திரியே சுட்டுவிடலாம். உப்பைப் பொங்கிய பிறகு போட்டால் போதும். ஓரத்துச் சல்லா, வெள்ளை நிறம், லேசான தித்திப்பு எல்லாம் இதில் கிடைக்கும். ஆனால் அரை டீஸ்பூனுக்குப் போனால் பேக்கரி வாசம் அடிக்கும், அதை எந்த இஷ்டுவாலும் மறைக்க முடியாது.

மூன்றாவது தேங்காய்த் தண்ணி. இது உண்மையில் கள்ளுக்குப் பதிலாள். கேரளத்திலும் இலங்கையிலும் பழைய முறை, மாவில் கள்ளு ஊற்றிப் பொங்கவைப்பதுதான். கள்ளில் தானாக வளர்கிற ஈஸ்ட்தான் வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, ஆகவே இங்கே அந்தப் பேச்சை எடுப்பதில் பயனில்லை. நாகர்கோவிலை விட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி இந்தப் பக்கம் வந்த எங்களுக்கெல்லாம் முற்றின தேங்காயின் தண்ணிதான் கதி. இரண்டு தேங்காயின் தண்ணியில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை கரைத்து ராத்திரி முழுக்க மூடி வைத்தால், காலையில் மேலே பொடிப்பொடியாகக் குமிழி கட்டி, மூக்கைக் கொண்டுபோனால் லேசாகக் கள்ளு வாசம் அடிக்கும். அதை ஊற்றி மாவை அரைக்க வேண்டும். அரிசி, தேங்காய், கப்பி எல்லாம் ஈஸ்ட் மாவுக்குச் சொன்னதேதான்.

தொல்லை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பத்துக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே தேங்காய் உடைக்க வேண்டும். டிசம்பரில் மாவு பொங்க மனசே வராது, பன்னிரண்டு மணி நேரம் கூட எடுக்கும். பொங்காமலே போன காலைகளும் உண்டு, அன்றைக்கெல்லாம் உப்புமா. இவ்வளவு சொன்ன பிறகும் இஷ்டுவுக்கு என் ஓட்டு இதற்குத்தான். மாவிலும் தேங்காய், குழம்பிலும் தேங்காய், நடுவில் ஒரு மெல்லிய கள்ளு மணம். ஆப்பத்தைப் பிய்த்து இஷ்டுவில் தோய்த்தால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. விருந்தாளி வருகிறார், சொதப்பக் கூடாது என்றால் மட்டும் ஈஸ்ட்.

மாவு எவ்வளவு தண்ணியாக இருக்க வேண்டும் என்பதை எந்த அளவும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பக்கத்து ஃபிளாட்டில் இருந்த கோட்டயம் சேச்சிதான் ஒரு கரண்டி மாவை மேலிருந்து ஊற்றிப் பார்த்துவிட்டு, "மோளே, மோர் மாதிரி ஓடணும், பால் மாதிரி ஓடக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

உளுந்து மாவுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்குச் சொதி இருக்கிறது. திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற அதே சொதி. சொதி, இஷ்டு இரண்டும் தேங்காய்ப்பால் குழம்புதான், வெளியூர்க்காரருக்கு ஒன்று போலத் தெரியும். சொதியில் பாசிப்பருப்பு வெந்து மசிந்திருக்கும், முருங்கைக்காயும் பூண்டும் சின்ன வெங்காயமும் இருக்கும், காரம் பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுதிலிருந்து வரும், இறக்கியபின் எலுமிச்சை பிழிவார்கள். இஷ்டுவில் பருப்பும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, மஞ்சள்தூள்கூட இல்லை. பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு ஏலக்காய், அரை டீஸ்பூன் முழு மிளகு, கீறின பச்சைமிளகாய் ஐந்தாறு, மெல்லிசாக நறுக்கிய இஞ்சி. காய் என்றால் உருளை, கேரட், பீன்ஸ், ஒரு கைப்பிடி பட்டாணி. வெந்த உருளையில் ரெண்டு துண்டைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டியாகும், சோளமாவு வேண்டாம். எலுமிச்சைப் புளிப்பும் உளுந்து மாவின் புளிப்பும் கைகோத்துக்கொள்வதால் சொதிக்கு உளுந்து ஆப்பம்தான் பொருத்தம். சொதியில் பாலாப்பத்தை, அதாவது தேங்காய் அரைத்த ஆப்பத்தை, தோய்த்துப் பாருங்கள், ஆப்பம் இருக்கிற இடமே தெரியாது.

தேங்காய்ப்பால் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. ஒரு தேங்காயைத் துருவி அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில் அரைத்துப் பிழிந்தால் கெட்டியான முதல் பால். அதே சக்கையில் இரண்டாம் பால், மூன்றாம் பால். காய் வேக வேண்டியது பின்னால் வந்த பாலில், முதல் பால் கடைசியில். ஊற்றிய பிறகு ஓரத்தில் நுரை கூடும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கமாக நிற்கும். பாக்கெட் பால் அவ்வளவு சீக்கிரம் திரியாது, கெட்டிப்படுத்தச் சேர்க்கிற பொருள்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும், புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு அது பெரிய தைரியம். ஆனால் மணம் கிடையாது. 200 மில்லி பாக்கெட்டில் பாதியைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்துக் காய் வேகவைத்து, மீதியைக் கடைசியில் ஊற்றி, பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு ஸ்பூன் கூடுதலாக விட்டுக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டால் வாரநாள் ராத்திரிக்குச் சமாளிக்கலாம். பவுடர் பற்றிப் பேச ஒன்றுமில்லை, கட்டி தட்டும்.

சட்டியைப் பற்றி இரண்டே வார்த்தை. இரும்புச் சட்டி பழகிவிட்டால் ஓரம் அதில்தான் மொறுமொறுக்கும், ஆனால் தேங்காயும் சர்க்கரையும் போட்ட மாவு அதில் ஒட்டிக்கொள்ளும், முதல் மூன்று ஆப்பம் காக்காய்க்குத்தான். நான்ஸ்டிக்கில் எண்ணெய் தடவவே கூடாது. தடவினால் சுழற்றும்போது மாவு பக்கத்தில் பிடிக்காமல் வழுக்கி நடுவில் குளமாகத் தேங்கும். இஷ்டுவோடு போகிற மாவுக்கு நான் நான்ஸ்டிக்தான் எடுக்கிறேன், இரும்பு உளுந்து மாவுக்கு. ஒரு கரண்டி ஊற்றி, இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி ஒரே சுற்று. இரண்டாம் சுற்றுச் சுற்றினால் ஓரம் தடித்துவிடும். மூடி போட்டு இரண்டு, இரண்டரை நிமிஷம். நடுவில் ஈரம் போய் ஓரம் சட்டியை விட்டு விலகும்போது எடுத்துவிடலாம், திருப்பிப் போடுகிற வேலை இல்லை.

இன்னொன்று, தேங்காய் அரைத்த மாவை மறுநாளைக்கு வைக்காதீர்கள், சென்னை வெயிலில் சாயங்காலத்துக்குள் சிக்குவாடை வந்துவிடும். இஷ்டு மிஞ்சினால் வைக்கலாம், காலையில் மிதமான தீயில் சூடாக்கினால் முதல் நாளைவிடக் கெட்டியாக, மிளகு இறங்கி இருக்கும். அதற்கு ஆப்பம் சுட்டுக்கொண்டிருக்க வேண்டாம், இடியாப்பம் போதும்.