‘ஏ பிளஸ் உத்தரவாதம்’ என்று முகாம் நடத்துகிறார்கள், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்த வருஷம் ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு தம்பி துண்டறிக்கை கொடுத்தார். ‘வரலாறு: இரண்டே நாளில் ஏ பிளஸ், உத்தரவாதம்!’ நிறுவனத்தின் பெயர் புதிது. ஆனால் படமும் வாசகமும் போன வருஷம் என் கைக்கு வந்த அதே தாள். அந்தத் தாளை நம்பி நான் 1,550 வெள்ளி கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். நான் பட்டணத்தில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். மகளுக்கு மற்ற பாடங்கள் பரவாயில்லை, வரலாறு மட்டும் டி-யிலேயே நின்றது. மலாய் மொழியிலோ வரலாற்றிலோ தேறாவிட்டால், மற்ற எல்லாவற்றிலும் ஏ எடுத்தாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013இல் வந்தது. டி-யிலிருந்து இன்னும் சறுக்கினால் அந்தத் தேர்ச்சியும் போய்விடும் என்பதுதான் வீட்டில் எங்களுக்கு இருந்த பயம். முகாம் நடத்தியவர்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் வரலாற்றை விற்றார்கள்.

முகாமுக்கு 350 வெள்ளி. முதல் நாள் பிள்ளைகளுக்குத் தடித்த ஒரு குறிப்புப் புத்தகம் கொடுத்து, ‘வரப்போகும் 30 கேள்விகள்’ என்று சொல்லி மஞ்சள் மையில் கோடு போட வைத்தார்கள். இரண்டாம் நாள் மதியம் பெற்றோரை வரச் சொன்னார்கள். விளக்கை அணைத்து, மெல்லிய பாட்டுப் போட்டு, பிள்ளைகளைப் பெற்றோருக்குப் பாதபூஜை செய்ய வைத்தார்கள். என் மகள் என் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, மடியில் முகம் புதைத்து அழுதாள். நானும் அழுதேன். எங்கள் இருவர் அழுகையிலும் பொய் இல்லை. கண்ணீர் காய்வதற்குள் பாரத்தை நீட்டினார்கள். “அக்கா, இன்னைக்கே கட்டினா 1,200. நாளைக்கு 1,800. பிள்ளையோட எதிர்காலம்க்கா.” நான் போட்டிருந்த கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) அந்த மாதம்தான் கைக்கு வந்திருந்தது. அவர்கள் சொன்ன கணக்குக்கு அங்கேயே போனில் அனுப்பினேன்.

இன்னொன்றும் காதோடு சொன்னார்கள்: “கேள்வித்தாள் செய்யிற எடத்துல நமக்கு ஆள் இருக்குக்கா.” அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். 2014இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் யு.பி.எஸ்.ஆர். தேர்வுத் தாள் கசிந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மறுபடியும் தேர்வு எழுதினார்கள். அரசாங்க இரகசியச் சட்டத்தில் வழக்கும் போட்டார்கள். ‘ஆள் இருக்கு’ என்று சொல்பவர் பொய் சொன்னால் உங்கள் பணம் போகும். உண்மையைச் சொன்னால் உங்கள் பிள்ளை ஒரு குற்றத்துக்குள் போகும்.

1,200 வெள்ளிக்கு 16 இணைய வகுப்பு என்றார்கள், நடந்தது ஐந்து. மற்றபடி வாட்சாப்பில் குரல் பதிவும் குறிப்பும் வரும். இருந்தும் மகள் அந்த மஞ்சள் கோட்டுப் புத்தகத்தை விடவில்லை. நடுராத்திரி வரைக்கும் திரும்பத் திரும்பப் படித்தாள். எஸ்.பி.எம்.முக்கு முன் பள்ளியில் வைக்கும் டிரையல் தேர்வில் மறுபடியும் டி. “எல்லாத்தையும் படிச்சேன்மா. படிக்கும்போது தெரிஞ்சிச்சு, எழுதும்போது வரலம்மா” என்று அவள் சொன்னபோது எனக்குப் பணத்தின் நினைப்பே வரவில்லை.

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளியில் வரலாற்று டீச்சரைப் பார்க்கப் போனேன். பத்து நிமிடம் புரட்டினார். முதல் பகுதி முழுக்கப் பழங்கால நாகரிகங்கள். அது பழைய நான்காம் படிவப் பாடமாம். கடைசிப் பகுதி ‘மூன்றாம் தாளுக்கான குறிப்பு’. புத்தகத்தைப் பார்த்து எழுதும் அந்த மூன்றாம் தாள் 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து கிடையாது. இப்போது இருப்பது இரண்டு தாள்தான். முதல் தாளில் விடையைத் தேர்ந்தெடுக்கும் 40 புறவயக் கேள்விகள், இரண்டாம் தாளில் அமைப்புக் கேள்விகளும் கட்டுரையும். அட்டையை மட்டும் புதிதாக அச்சடித்து, எடுத்துவிட்ட பாடத்தை என் பிள்ளைக்கு விற்றிருக்கிறார்கள். கம்யூனிஸ்டுகளை எதிர்த்து ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் இப்போதைய நான்காம் படிவத்தில் ஒரு முழு அத்தியாயம். இந்தப் புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம். 1948 ஜூன் 16இல் மூன்று தோட்டத் துரைகள் (வெள்ளைக்கார நிர்வாகிகள்) சுட்டுக் கொல்லப்பட்டது எங்கள் ஊர்ப் பக்கத்தில். 12 வருஷ அவசரகாலம் அதை ஒட்டித்தான் வந்தது. சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கே அதை விட்டுவிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

படித்தும் ஏன் எழுத வரவில்லை என்பதையும் டீச்சர்தான் விளக்கினார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்களாம். ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னே நின்றார்கள். இரண்டு நாள் முகாம் முடியும்போது பிள்ளைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது இதனால்தான். அந்த நிமிடத்தில்தான் நம்மிடம் பாரத்தை நீட்டுகிறார்கள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்ததற்குக் காசு செலவில்லை. ஒரு பகுதி படித்தால் பாடப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வெறும் தாளில் நினைவுக்கு வருவதை எழுதுவாள். விட்டதைச் சிவப்பு மையில் சேர்ப்பாள். அதே பகுதியை இரண்டு நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து மறுபடியும் எழுதுவாள். சனிக்கிழமை காலையில் கடிகாரம் வைத்து, 2021க்குப் பிறகு வந்த தாள்களில் ஒன்றை முழுசாக எழுதுவாள், டீச்சர் திருத்தித் தருவார். தவறியதற்குத் தனி நோட்டு. எனக்கு மலாய் சுமார்தான், ஆனாலும் அவள் எழுதியதையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். அவசரகால அத்தியாயத்தை மட்டும் என் அப்பா கேட்டார். தோட்ட லயத்து வீடுகளிலிருந்து ஆட்களைப் பெயர்த்து, முள்வேலிக்குள் கம்பம் (குடியிருப்பு) போட்டு வைத்ததை அவருக்கு அவர் அப்பா சொல்லியிருக்கிறார். அந்த அத்தியாயத்தில் அவளுக்கு ஒரு கேள்வியும் தவறவில்லை.

கடைசியில் வரலாற்றில் பி பிளஸ் எடுத்தாள். முகாமில் விட்ட மாதங்கள் கையில் இருந்திருந்தால் ஏ எடுத்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீங்கள் எங்கேயாவது பணம் கட்டப் போனால், முதலில் அவர்கள் புத்தகத்தைப் பள்ளி டீச்சரிடம் ஒரு நாள் காட்டுங்கள். கொடுக்க மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். டியூஷன் நிலையம் என்றால் மாநிலக் கல்வி இலாகாவில் பதிவு இருக்க வேண்டும், பதிவுச் சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனி ஆள் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் போடாதீர்கள். மோசடிப் புகார் வந்த கணக்கா என்று பார்க்க, போலீஸின் ‘செமாக் மூலே’ இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். வகுப்பு நடக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான் வாய்ப்பேச்சை நம்பினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது போனை எடுக்கவில்லை. ரசீதில் இருந்த முகவரிக்குப் போனால் பூட்டிய கடை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி முதலாம் பாரம் கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தும், எதிர்த்தரப்பின் முகவரி இல்லாமல் நின்றேன்.

போன வாரம் வாங்கிய துண்டறிக்கையில் முகவரி இருக்கிறது. பணம் போடச் சொல்லியிருக்கும் கணக்கு எண்ணை என் பழைய பரிமாற்றச் சீட்டோடு வைத்துப் பார்த்தேன், ஒரே எண். வரும் திங்கட்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு, நடுவர் மன்றத்தில் பாரம் கொடுக்க ஈப்போவுக்குப் போகிறேன். போன வருஷம் அதே முகாமில் கட்டியவர்கள் ரசீதையோ வங்கிச் சீட்டையோ தேடி எடுத்து வையுங்கள். பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், என் மகள் நிரப்பித் தருவாள்.