நாலு வருசம் விரலில் குத்திப் பார்த்ததில்

சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன கிழமையே இந்தச் சுகர் மெசினை வாங்கினேன், நாலு வருசம் ஆகிறது. மெசின் பரவாயில்லை. ஸ்ட்ரிப் விலைதான் கையைக் கடிக்கிறது, அதோடு திருகோணமலைப் புழுக்கத்தில் டப்பா மூடியை இறுக்காமல் விட்டால் ஈரம் இழுத்துக் கெட்டுவிடும். ஒருநாள் மாம்பழம் வெட்டிய கையோடு குத்தி 260 காட்ட வீடே கலங்கிப்போனது, கழுவிவிட்டுப் பார்த்தால் 148.

முதல் இரண்டு வருசமும் கொப்பியில் சாப்பாட்டை மட்டும்தான் எழுதினேன். பிட்டு, இடியப்பம், பாண், அவ்வளவுதான். அப்புறம் ஒரு பின்னேரம் உவர்மலை இறக்கத்தில் நான் வந்த ஆட்டோவை ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. ஒருவருக்கும் காயமில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காதவன் நடுங்கிய கையோடு வீட்டில் குத்திப் பார்த்தால் 187! வழக்கமாக அந்த நேரத்தில் 130 தாண்டாது.

விசயம் என்னவென்றால், இன்சுலின் சுரக்கும் சதையிக்கு, அதாவது கணையத்துக்கு, மூளையிலிருந்து இரண்டு வழியாக நரம்புக் கட்டளை வருகிறது. சொதி வாசம் மூக்கில் ஏறி, ஒரு வாய் வைத்ததுமே, இரத்தத்தில் சீனி ஏறுமுன்பே, மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தைச் சுரந்து சதையியின் பீட்டா கலங்களைக் கொஞ்சம் இன்சுலின் விடச் செய்கிறது. பயம் வந்தால் மற்றக் கூட்டம், அதாவது பரிவு நரம்புகள், நொரட்ரினலின் என்ற இரசாயனத்தால் அதே கலங்களின் வாயை அடைத்துவிடும். சீனியை ஏற்றும் குளுக்ககன் ஹோர்மோன் கூடும், ஈரல் சேமித்த சீனியை அவிழ்த்துவிடும். ஓடித் தப்புவதற்கான ஏற்பாடு இது, நானோ ஆட்டோவுக்குள் குந்தியிருந்தேன். 1849இலேயே பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பேர்னாட் முயலின் மூளையடியில் ஊசியால் குத்திச் சிறுநீரில் சீனி வரவைத்திருக்கிறார், இன்சுலினைப் பிரித்தெடுத்ததோ 1921இல்தான்.

சரி, வேகஸை நம்பி மூன்று மாதம் ஆறுதலாக மென்று சாப்பிட்டும் பார்த்தேன். மெசினில் ஐந்து பத்துத்தான் குறைந்தது. இந்த மெசின்களுக்குச் சர்வதேசத் தரமே 15 வீதம் முன்பின் விட்டுக்கொடுக்கிறது, ஆகவே அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. உதவியது, அன்றைக்கு நடந்த பயம், பதற்றத்தை எழுதக் கொப்பியில் இன்னொரு கோடு போட்டதுதான். கூடிய நம்பரைக் கண்டு அடுத்த வேளையைப் பட்டினி போடும் பழக்கம் அதோடு நின்றது. மாத்திரையில் மட்டும் கைவைக்கவில்லை, அது டொக்டர் பாடு.

“உங்கட கோபத்தையும் எழுதுங்கோ” என்று மனைவி சொல்லிப் பார்த்தா, நான் எழுதவில்லை. போன கிழமை கொப்பியைத் திறந்தால் அவவின் எழுத்தில் கிடக்கிறது: “தம்பியோடு காணிச் சண்டை, 203.”