பற்றீரியாவா, மதுவமா, வெங்காய வேரா?

தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிப்பவர்கள் நம் வீட்டு ஆட்கள். அந்த மருந்து கலத்துக்குள் போய் டிஎன்ஏவைச் சேதப்படுத்துமா என்பதை இங்கே உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும். முதற்கட்டமாகச் சலித்துப் பார்க்க மூன்று வழிகள் உண்டு.

எல்லோரும் முதலில் நாடுவது, 1970களில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய சோதனை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத சல்மொனெல்லா பற்றீரியா, விகாரமடைந்து (அதாவது மரபணு மாறி) அந்தத் திறனைத் திரும்பப் பெற்றால், ஹிஸ்டிடின் போதாத தட்டிலும் வளரும்; வளர்ந்தவற்றை எண்ணினால் சரி. ஆனால் பற்றீரியாவுக்குக் கரு இல்லை, நம்முடையதைப் போன்ற நிறமூர்த்தங்களும் (டிஎன்ஏவைச் சுமக்கும் குரோமோசோம்கள்) இல்லை. கிளைபோசேட் என்ற களைகொல்லியைப் பாருங்கள். இலங்கை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்த மருந்து அது. ஏம்ஸ் சோதனைகளில் பெரும்பாலும் விகாரம் எதையும் காட்டாமல் தேறிவிட்டது. ஆனாலும் 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வேறு சோதனைகளையும் பார்த்து, மரபணுச் சேதத்துக்கு வலுவான சான்று உண்டு என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதை ஏற்கவில்லை. ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

என் விருப்பம் மதுவம். பாண் புளிக்க வைக்கும் அதே இனம்தான், ஆனால் கடைப் பொட்டலம் உதவாது. ஆய்வுகூடக் குலவகை, அதாவது சோதனைக்கென வளர்த்த தனி வகை, வேண்டும். அதற்குக் கரு உண்டு, 16 நிறமூர்த்தங்கள் உண்டு. டி7 என்ற குலவகையின் குடியேற்றம் (தட்டில் ஒரே கலத்திலிருந்து பெருகிய கூட்டம்) சாதாரணமாக வெள்ளை. சோடி நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொண்டால், ஒரே குடியேற்றத்தில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் இளஞ்சிவப்பு! பற்றீரியா காட்டாத சேதம் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அதே குலவகையில், ஏம்ஸ் சோதனையைப் போல, இழந்த திறனைத் திரும்பத் தரும் பின்னோக்கிய விகாரத்தையும் எண்ணலாம். நோய் பரப்பும் என்ற பயமும் இல்லை.

குறைகளும் உண்டு. தடித்த கலச்சுவர் சில இரசாயனங்களை உள்ளே விடாது. பாவனை குறைந்ததால், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பான ஓஈசிடி தன் மதுவச் சோதனை வழிகாட்டிகளை 2014இல் நீக்கிவிட்டது. மருந்துப் பதிவுக்கு இந்த முடிவு மட்டும் செல்லாது. வளர 30 பாகை செல்சியஸ் வேண்டும், ஆகவே நுவரெலியாக் குளிரில் அடைகாப்பி இல்லாமல் முடியாது.

வெங்காய வேர்ச் சோதனை செலவில் மிகக் குறைவு. 1938இல் விஞ்ஞானி லெவான் அறிமுகப்படுத்தியது. மருந்துக் கரைசல் பட்ட வேர்நுனியை எடுத்து, ஒரு நுணுக்குக்காட்டி இருந்தால் பாடசாலையிலேயே உடைந்த நிறமூர்த்தங்களைப் பார்க்கலாம். ஆனால் கலம் கலமாக எண்ணுவது கண்ணைக் கெடுக்கும் வேலை.

பாடசாலைக்கு வெங்காயம், பேராதனைப் பல்கலைக்கழக மட்டத்துக்கு மதுவம், கூடவே ஏம்ஸ் என்பேன். எதைத் தேர்ந்தாலும் தூய இரசாயனத்தை மட்டும் சோதிக்க வேண்டாம். தாங்கியில் ஊற்றும் கலவையையும் தனியே சோதியுங்கள். மருந்தோடு சேர்த்த மற்றப் பொருட்களும் அடிப்பவரின் தோலில் படுகின்றன.