மூடி வைத்தால் எது உருப்படியாக உழைக்கும்? மூன்று ஃபிளிப் ஃபோன்கள்

எங்கள் வீட்டில் இப்போது மூன்று ஃபிளிப் ஃபோன்கள், அதாவது நடுவில் மடித்து மூடும் ஃபோன்கள். தங்கையிடம் சாம்சங் கேலக்ஸி இசட் ஃபிளிப் 7. என்னிடம் மோட்டோரோலா ரேஸர் 60 அல்ட்ரா. அம்மாவிடம் பட்டன் வைத்த நோக்கியா 2660 ஃபிளிப். இந்தியாவில் அறிமுகமானபோது இவற்றின் விலை முறையே 1,09,999, 99,999, 4,699 ரூபாய். கடைசி எண்ணில் அச்சுப்பிழை எதுவும் இல்லை.

எது நல்லது என்று கேட்பவர்கள் முதலில் பிராசஸரைக் கேட்கிறார்கள், அப்புறம் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்கிறார்கள். ஃபிளிப் ஃபோனைப் பொறுத்தவரை அங்கே ஆரம்பிப்பது தப்பு. விரித்துவிட்டால் அது சாதாரண ஸ்மார்ட்ஃபோன்தான். அதே காசுக்கு இதைவிட நல்ல கேமராவும் பெரிய பேட்டரியும் உள்ள மடிக்காத ஃபோன் கடையில் இருக்கிறது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்த மடிப்புக்கு. ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மூடியிருக்கும்போது எவ்வளவு வேலை நடக்கிறது?

அதற்கு முன் அழகைப் பற்றி ஒரு வார்த்தை. அழகுக்காகத்தானே பாதிப்பேர் வாங்குகிறோம்! 2004-இல் வந்த மோட்டோரோலா ரேஸர் வி3 நினைவிருக்கிறதா? அலுமினிய உடம்பு, ஒரே உலோகத் தகட்டில் செதுக்கிய பட்டன்கள், அடியிலிருந்து நீல வெளிச்சம். 13 கோடிக்கு மேல் விற்ற ஃபோன். கல்லூரியில் என் நண்பன் ஒருவன் வைத்திருந்தான். பேச ஆள் இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து மூடுவான். மூடினால் அதன் தடிமன் 13.9 மில்லிமீட்டர், எடை 95 கிராம். தங்கையின் ஃபிளிப் 7 மூடினால் 13.7 மில்லிமீட்டர். 6.9 அங்குலத் திரையை உள்ளே மடித்து வைத்துக்கொண்டும் அந்தப் பழைய ரேஸரைவிட ஒரு நூல் மெலிசு. எடை மட்டும் 188 கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே பெயரைச் சுமக்கும் என் புது ரேஸர் மூடினால் 15.7 மில்லிமீட்டர், 199 கிராம். சட்டைப் பையில் போட்டால் பை கொஞ்சம் தொங்கத்தான் செய்யும்.

கையில் பிடித்துப் பார்த்தால் என் ஓட்டு ரேஸருக்கு. பின்பக்கத்தில் நிஜ மரம் ஒட்டிய மாடல் இருக்கிறது, மெத்தென்ற அல்கன்டாரா துணி ஒட்டியதும் இருக்கிறது. ஃபிளிப் 7-இன் முதுகு கண்ணாடி. பார்க்க நகை மாதிரி இருக்கிறது, ஆனால் கவர் போடாமல் கொடுக்கத் தங்கைக்கே மனசு வராது.

சரி, மூடிய பிறகும் வெளியே தெரியும் சின்னத் திரைக்கு, அதாவது வெளித்திரைக்கு வருவோம். ஃபிளிப் 7-இல் அது 4.1 அங்குலம், ரேஸர் அல்ட்ராவில் 4 அங்குலம். அளவில் சண்டையே இல்லை. வித்தியாசம் அதை எப்படிப் பயன்படுத்த விடுகிறார்கள் என்பதில். மோட்டோரோலாவில் வெளித்திரையிலேயே ஆப் பட்டியல் இருக்கிறது. எதைத் தொட்டாலும் ஒரு முறை அனுமதி கேட்டுவிட்டுத் திறந்துவிடும். விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வரைபடத்தை, மூடியதும் வெளியே தொடரலாமா வேண்டாமா என்பதையும் ஆப் வாரியாக நாமே முடிவு செய்யலாம்.

சாம்சங் இதில் கொஞ்சம் கண்டிப்பான மாமியார். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் வெளித்திரையில் விட்ஜெட்கள், அதாவது வானிலை, காலண்டர் மாதிரி சின்னத் தகவல் கட்டங்கள்தான் வரும். லேப்ஸ் என்ற அமைப்புக்குள் போனால் குறிப்பிட்ட சில ஆப்களை மட்டும் அனுமதிக்கும். எல்லா ஆப்பும் வேண்டுமானால் சாம்சங்கே தரும் குட் லாக் ஆப்பை நிறுவி, அதற்குள் மல்ட்டிஸ்டார் என்ற பகுதியை இறக்கி, அங்கிருந்து ஆப்களைத் திறக்க உதவும் லாஞ்சர் விட்ஜெட்டை வெளித்திரையில் சேர்க்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்த பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தங்கை இரண்டு மாதம் வெறும் மணி பார்க்கத்தான் அந்தத் திரையை வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுத்தேன். "அண்ணா, இது முதல்லயே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள். மீதியை நான் கேட்கவில்லை.

வெளித்திரை திறந்துவிட்டால் பழக்கமே மாறிவிடுகிறது. காய்கறிக் கடையில் ஒரு கையில் பை, மறு கையில் மூடிய ஃபோன். வெளியிலேயே கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, பின் நம்பரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆட்டோவில் போகும்போது வழி பார்ப்பது, பாட்டை மாற்றுவது, ஓடிபி வந்ததா என்று எட்டிப் பார்ப்பது எல்லாம் வெளியிலேயே முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் பதில் போடுவது மட்டும் கஷ்டம். தமிழ் எழுத்துப்பலகை அந்தச் சின்ன இடத்தில் நெரிசல் பேருந்து மாதிரி ஆகிவிடுகிறது. நான் மைக்கை அழுத்திப் பேசியே அனுப்புகிறேன். பெரிய லாபம் வேறு ஒன்று: சும்மா மணி பார்க்க எடுத்துவிட்டு அரை மணி நேரம் ரீல்ஸில் தொலைந்துபோவது குறைந்திருக்கிறது. திறக்க வேண்டும் என்ற அந்தச் சின்னச் சோம்பல் நல்லதுதான்.

கேமராவிலும் மூடி வைப்பதில்தான் விஷயம். செல்ஃபிக்கு உள்ளே இருக்கும் கேமராவைத் தொடவே வேண்டாம். மூடிய நிலையில் வெளித்திரையைப் பார்த்துக்கொண்டே பிரதான 50 மெகாபிக்சல் கேமராவில் எடுங்கள், படம் வேறு தரத்தில் இருக்கும். பாதி மடித்து மேஜையில் வைத்தால் ஸ்டாண்ட் இல்லாமலே குடும்பப் படம். அகலக் கோணத்தில் ரேஸருக்கு 50 மெகாபிக்சல், ஃபிளிப் 7-க்கு 12. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் டெலிஃபோட்டோ இரண்டிலும் கிடையாது. முந்தைய ரேஸர் 50 அல்ட்ராவில் அது இருந்தது, ஆனால் அதில் அகலக் கோணம் இல்லை. கச்சேரியில் மேடையைப் படம் எடுப்பவர்கள் கவனிக்க.

பேட்டரி: ரேஸரில் 4700 எம்ஏஎச், 68 வாட் சார்ஜிங். ஃபிளிப் 7-இல் 4300, 25 வாட். குளித்துவிட்டு வருவதற்குள் சார்ஜ் ஏற வேண்டும் என்பவருக்கு ரேஸர். ஆனால் ஃபிளிப் 7-க்கு ஏழு வருடம் மென்பொருள் புதுப்பிப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மோட்டோரோலாவில் மூன்று ஆண்ட்ராய்டு மேம்படுத்தலும் நான்கு வருடப் பாதுகாப்புப் புதுப்பிப்பும்தான். ஐந்து வருடம் வைத்திருக்கிறவர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே சாம்சங் பக்கம் போகலாம்.

ஐந்து வருடம் தாக்குப்பிடிக்குமா என்பது அடுத்த கேள்வி. கீல் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். 2020-இல் வந்த முதல் இசட் ஃபிளிப்புக்கே இரண்டு லட்சம் மடிப்பு தாங்கும் என்றார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்தாலும் ஐந்தரை வருடம் ஆகும். என் பயம் மணல். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி48 தரச் சான்று இரண்டு ஃபோனுக்கும் உண்டு. அதில் 8 என்பது தண்ணீருக்கு, அது நல்ல மதிப்பெண். 4 என்பது ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது என்பதற்கு. மெரினா மணல் ஒரு மில்லிமீட்டரைவிடப் பொடிசு. மழையில் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். கடற்கரையில் மட்டும் பையை விட்டு எடுக்காதீர்கள்.

இன்னொன்று, உள் திரையின் மேல் கம்பெனியே ஒட்டி அனுப்பும் ஃபிலிம். அது பாதுகாப்புக்குச் சும்மா ஒட்டியது என்று நினைத்து உரித்துவிடக் கூடாது. நான் முன்பு வைத்திருந்த ஒரு மடிப்பு ஃபோனில், பெயர் வேண்டாம், பதினாலாவது மாதம் மடிப்பின் நடுவில் அந்த ஃபிலிம் குமிழ் விட்டு எழும்பியது. முகூர்த்தப் புடவையில் சுருக்கம் விழுந்த மாதிரி, கண் அங்கேயேதான் போகும். தெருமுனைக் கடையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று போனேன், நல்லவேளை அந்தப் பையனே "சார், இதை சர்வீஸ் சென்டர்லதான் மாத்தணும்" என்று திருப்பி அனுப்பினான். மடிப்பை நகத்தால் தேய்ப்பது, உள்ளே பஸ் டிக்கெட் வைத்து மூடுவது, இரண்டுமே திரைக்கு எமன்.

ஐம்பதாயிரத்துக்குள் வேண்டும் என்றால் சாதா ரேஸர் 60 இருக்கிறது. 49,999 ரூபாய்க்கு வந்தது, வெளித்திரை 3.6 அங்குலம், பேட்டரி 4500. வேகம் குறைவு, ஆனால் மூடி வைத்துச் செய்யும் வேலைகளுக்கு அது தாராளம். அழகுக்காக மட்டும் வாங்குபவருக்கு அல்ட்ராவைவிட இதைத்தான் சொல்வேன்.

அம்மாவின் 2660-ஐ இவற்றோடு சேர்த்தது விளையாட்டுக்கு இல்லை. 1.77 அங்குல வெளித்திரையில் மணியும் யார் அழைக்கிறார்கள் என்பதும் தெரியும். திறந்தால் பேசலாம், மூடினால் துண்டிக்கும். 1450 எம்ஏஎச் பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாம். வாட்ஸ்அப் கிடையாது, கேமரா பெயருக்கு. பணம் அனுப்ப 2022-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே இருக்கிறது, அழைத்துக் குரல் வழியாகவே அனுப்பலாம். அம்மா அதைத் தொடுவதில்லை. அவருக்கு வேண்டியது டப்பென்று மூடும் அந்தச் சத்தம். சித்தியிடம் கோபமாகப் பேசி முடித்தால் சத்தம் சற்றுப் பலமாகவே கேட்கும். எங்கள் இரண்டு ஃபோனிலும் அந்த அளவுக்குக் கோபத்தைக் காட்ட முடியாது, பயமாக இருக்கும்.

பழைய மடிப்பு ஃபோனை செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். முழுக்க விரித்தால் தட்டையாக நிற்கிறதா, பாதியில் விட்டால் தானாகச் சாய்கிறதா, வெள்ளைப் பின்னணியில் மடிப்பின் ஓரம் ஏதாவது கோடு தெரிகிறதா. அப்புறம், உள் திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று கடைக்காரர் சொன்னால், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.