ரைசன் 5600ஜி-யா, ஐ3 12100எஃப் + ஆர்எக்ஸ் 6600-ஆ?

கையில் காசு குறைவு, புது கம்ப்யூட்டரில் கேமும் ஆட வேண்டும் என்றால் பலர் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி ப்ராசஸர். மற்றது, இன்டெல் கோர் ஐ3 12100எஃப், கூடவே 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு.

5600ஜி-யில் 6 கோர். தனிக் கார்டுச் செலவு மிச்சம். வாலரன்ட், சிஎஸ் 2 மாதிரி கேமெல்லாம் குறைந்த செட்டிங்கில் ஓடும். ஆனால் அதன் வேகா கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடும். ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டால் வேகம் பலமாக அடிபடும். 8 ஜிபி இரண்டாகப் போட்டு, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் பகுதி) எக்ஸ்எம்பி-யையும் (ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் வசதி) ஆன் செய்ய வேண்டும். "அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம் சார்" என்று கடையில் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள்.

12100எஃப்-இல் 4 கோர்தான். எஃப் என்றால் உள் கிராஃபிக்ஸ் இல்லை. கார்டு மாட்டாமல் திரையில் படமே வராது. சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேமை 1080பி-யில் ஆட இந்த ஜோடிதான் சரி. கார்டு இழுப்பது 132 வாட், தரமான 450 வாட் பவர் சப்ளை போதும்.

"இப்போது 5600ஜி, பிறகு கார்டு" என்ற திட்டம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 5600ஜி-யில் பிசிஐஇ 3.0 (கார்டு இணையும் பாதையின் பழைய தலைமுறை) மட்டும்தான், எல்3 கேஷும் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, உள் கிராஃபிக்ஸ் இல்லாத சாதாரண ரைசன் 5 5600-இல் இருப்பதில் பாதி. சில மாதங்களில் கார்டு வாங்குவது உறுதி என்றால் பொறுத்திருந்து இரண்டாவதையே வாங்கலாம். சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு பார்த்தால், கடையிலேயே கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.