நாய்க்குட்டிக்கு ட்ரை ஃபுட்: பையின் பின்பக்கமும் குட்டியின் விலா எலும்பும்

பப்பி ஃபுட் பையின் முன்பக்கத்தில் 'பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது விற்பனைக்கான சொற்கள். விலை கூடினால் தரமும் கூடும் என்பதும் எப்போதும் சரியாக வருவதில்லை. மாதக்கணக்கில் கொடுத்துப் பார்க்கும்போது ஒரு உணவைப் பற்றி உருப்படியாகச் சொல்பவை இரண்டுதான்: பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்கள், அதைத் தின்று வளரும் குட்டியின் உடம்பு.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது ஒற்றை வரி. 'முழுமையான, சமச்சீர் உணவு' என்றும், அது 'வளரும் பருவத்துக்கு' அல்லது 'எல்லா வயதுக்கும்' என்றும் இருக்க வேண்டும். 'வளர்ந்த நாய்களின் பராமரிப்புக்கு' என்று மட்டும் இருந்தால் குட்டிக்கு அது போதாது. 'துணை உணவு', 'இடையிடையே கொடுக்க' என்றிருந்தால் அதை வேளைச் சாப்பாடாக வைக்கவே கூடாது.

அடுத்தது புரதமும் கொழுப்பும். விலங்குத் தீவனத்துக்கான தர அளவுகளை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு வளரும் குட்டிகளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, ஈரப்பதம் கழித்த கணக்கில் புரதம் 22.5%, கொழுப்பு 8.5%. பையில் இருப்பது ஈரப்பதம் சேர்ந்த எண் என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஈரப்பதம் 10% என்றால் புரத எண்ணை 0.9-ஆல் வகுக்க வேண்டும். 28% என்று போட்டிருந்தால் உண்மையில் 31%. அதற்கு மேல் இன்னும் எவ்வளவு புரதம் என்று தேடிப் போவதில் பெரிய லாபமில்லை.

சேர்மானப் பட்டியலில் கொஞ்சம் ஏமாற இடமுண்டு. சமைப்பதற்கு முந்தைய எடைப்படிதான் வரிசை போடுகிறார்கள். 'கோழி இறைச்சி' முதலிடத்தில் இருந்தாலும் அதில் ஏறத்தாழ 70% தண்ணீர். உணவு காய்ந்து வரும்போது அதன் பங்கு நன்றாகச் சுருங்கிவிடும். 'சிக்கன் மீல்' என்பது தண்ணீரும் கொழுப்பும் நீக்கிய தூள். பெயர் கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் புரதம் அதில்தான் அடர்த்தி. 'பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம்' என்று ஒரே பொருள் மூன்று பெயரில் வந்தால் கூட்டிப் பாருங்கள், இறைச்சியை முந்திவிடும். தானியமே இல்லாத உணவுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியது. காரணம் இன்னும் உறுதிப்படவில்லை. ஆனாலும் மருத்துவக் காரணமில்லாமல் வளரும் குட்டிக்கு அந்த வகையைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

பெரிய இனக் குட்டி என்றால் எல்லாவற்றையும் விட முக்கியம் கால்சியம். வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும் பக்குவம் குட்டியின் குடலுக்கு ஏறக்குறைய 6 மாதம் வரை முழுதாக வருவதில்லை. கொடுத்தால் உள்ளே போகும். எலும்பும் குருத்தெலும்பும் கோணலாக வளரும், மூட்டு வலிக்கும். வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டும் இனங்களுக்கு, ஈரப்பதம் கழித்த கணக்கில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது பாஸ்பரஸின் அளவுக்குக் குறையவும் கூடாது, அதன் இரு மடங்கைத் தாண்டவும் கூடாது. பல பைகளில் 'குறைந்தபட்சம்' மட்டும்தான் அச்சாகியிருக்கும். உச்ச அளவு என்ன என்று கம்பெனிக்கு மெயில் அனுப்பிக் கேளுங்கள். பதில் தராத கம்பெனியை விட்டுவிடலாம். நல்ல பப்பி ஃபுட் கொடுத்துக்கொண்டே எலும்பு உறுதிக்கென்று கால்சியம் டானிக்கும் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தயவுசெய்து மருத்துவர் சொல்லாமல் ஊற்றாதீர்கள்.

இனி அளவு. பையிலுள்ள அட்டவணை பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும், அதனால் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. குட்டியின் கிலோ எடையை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்கினால் ஓய்வுநிலைத் தேவை, அதாவது சும்மா இருக்கவே நாளுக்கு வேண்டிய கலோரி, கிடைக்கும். 4 மாதம் வரை அதில் 3 மடங்கு, அதன்பின் 2 மடங்கு. 5 கிலோ எடையுள்ள 3 மாதக் குட்டிக்கு 5×5×5 = 125; வர்க்கமூலம் 11.2, மறுபடியும் எடுத்தால் 3.34, 70-ஆல் பெருக்கினால் 234, மும்மடங்கு 702 கிலோ கலோரி. கிலோவுக்கு 3500 கிலோ கலோரி தரும் உணவென்றால் நாளுக்கு 200 கிராம். அதே குட்டி 5 மாதத்தில் 8 கிலோ ஆகும்போது 666 கிலோ கலோரி, அதாவது 190 கிராம்தான் வருகிறது. எடை 3 கிலோ கூடியும் அளவு கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். 'வளர்கிறதே' என்று கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே போகிறவர்கள் வீட்டில் குட்டி குண்டாவது இந்தக் கட்டத்தில்தான். கப்பில் அள்ளினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். சமையலறைத் தராசு போதும். 3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3, பிறகு 2.

கணக்கு ஒரு தொடக்கம்தான், திருத்துவது விரல். விலாவில் லேசாகத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்கிறது என்றால் 10% குறையுங்கள். பயிற்சிக்குத் தரும் தின்பண்டமும் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும்.

புது உணவுக்கு 7 முதல் 10 நாளில் மாற்ற வேண்டும்: கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நாள் நிறுத்தி. ஒரே நாளில் மாற்றினால் பேதி ஆகும்; பழி உணவின் மேல் விழும். மெதுவாக மாற்றியும் மலம் இளகினால் அளவு கூடியிருக்கிறதா, குடற்புழு மருந்து கொடுத்தாகிவிட்டதா என்று பாருங்கள். பேதியோடு வாந்தியோ ரத்தமோ இருந்தால், குட்டி சோர்ந்து படுத்தால், அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பழகிய பிறகு மலம் உருவாக, அள்ளும்போது தரையில் ஒட்டாமல் வர வேண்டும். தின்ற அளவுக்கு மலம் மிக அதிகமாக இருந்தால் அந்த உணவு சரியாகச் செரிக்கவில்லை. ரோமத்தின் மினுமினுப்பை வைத்து முடிவெடுக்க இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும்.

பால் மறக்கும் குட்டிக்கு வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் ஊறவைத்துக் கொடுக்கலாம். மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள், ஊறிய உணவு சீக்கிரம் கெடும்.

பை திறந்தபின் 4 முதல் 6 வாரத்தில் தீர வேண்டும். உருண்டைகளின் மேல் பூசிய கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். நேற்றுவரை ஆசையாகத் தின்ற குட்டி இன்று முகர்ந்துவிட்டு நகர்ந்தால் முதலில் பையை முகர்ந்து பாருங்கள். நாளுக்கு 200 கிராம் தின்னும் குட்டிக்கு மாதம் 6 கிலோ. மலிவு என்று 20 கிலோ பை வாங்கினால் மூன்று மாதத்துக்கு மேல் ஓடும், பின்பாதி கெட்டுப்போயிருக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினால் அடியில் படியும் எண்ணெயும் தூளும் அடுத்த பையையும் கெடுக்கும். பையோடு டப்பாவுக்குள் இறக்கி, வாயைச் சுருட்டிக் கிளிப் போடுவதே சரி. தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் கூடவே இருக்கும், ஏதாவது கோளாறு என்றால் கம்பெனி முதலில் கேட்பது அவற்றைத்தான்.

பப்பி ஃபுட்டை நிறுத்தும் காலம் இனத்தைப் பொறுத்தது. சிறிய இனங்கள் 9 முதல் 12 மாதம், பெரியவை 12 முதல் 18 மாதம், மிகப் பெரியவை 24 மாதம் வரைகூடத் தின்னலாம். கருத்தடை ஆபரேஷன் முடிந்தால் கலோரித் தேவை இறங்கிவிடும். வளர்ச்சி முடியாத குட்டியென்றால் உணவை மாற்றாமல் கிராமை மட்டும் குறைத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.